பீரிலிருந்து ஒயினுக்கு மாற நினைக்கிறேன், முதலில் எதை வாங்குவது?

கம்பத்துக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் தேனி மாவட்டம் கம்பம். ஒன்பது ஆண்டுகளாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அரை லிட்டர் கோதுமை பீர் இரண்டு, அதுதான் இத்தனை ஆண்டுகளாக என் வழக்கம். கலங்கலான அந்த ஹேஃபெவைட்சென், வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்தாற்போன்ற அதன் வாசனை, மேலே எழும்பி நிற்கிற நுரை எல்லாம் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் நாற்பதை நெருங்குகிற இந்த வயதில் இரண்டாவது கோப்பைக்குப் பிறகு வயிறு உப்பிக்கொண்டு தூக்கம் கெடுகிறது. என் மனைவிக்கு பீரின் கசப்பு ஒத்துவரவே இல்லை. இருவருமாக ஒரு பாட்டிலைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டே மெதுவாகக் குடிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் ஒயின் பக்கம் திரும்பினேன்.

இதுவரை இரண்டு முறை முயன்றிருக்கிறேன். முதல் முறை பேரங்காடியில் தங்கப் பதக்கம் போன்ற முத்திரை ஒட்டிய ஒரு சிவப்பு ஒயினை எடுத்து வந்தேன். ஆல்கஹால் 14.5 சதவீதம். பீரை வைப்பதுபோல முதல்நாள் இரவே குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் மட்டன் சுக்காவோடு திறந்தோம். கடுக்காயைக் கடித்ததுபோல் நாக்கு இழுத்துக்கொண்டது. ஈறு வரை காய்ந்துபோயிற்று. சுக்காவின் மிளகுக் காரம் வழக்கத்தைவிட அதிகமாக எரிந்தது. மனைவி ஒரு மடக்கோடு கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டாள். மீதியைக் கழுவுதொட்டியில் கொட்டும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலித்தது. நான் திராட்சை விவசாயி வீட்டுப் பிள்ளை. பந்தலுக்கு அடியில் கழுத்தை நிமிர்த்தியபடியே நாள் முழுவதும் நின்று கொத்துகளை அறுத்துப் பெட்டியில் அடுக்குகிற அப்பாவின் கைதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் முறை, இனிப்பாக இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, லீப்லிஷ், அதாவது இனிப்பானது, என்று அச்சிட்ட மலிவான வெள்ளை ஒயின் ஒன்றை வாங்கினேன். அது சர்க்கரைப் பாகு போல் இருந்தது. அரைக் கோப்பைக்குமேல் இறங்கவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? பாட்டிலில் ஒட்டியிருக்கிற சுட்டியில் (லேபிளில்) எதைப் பார்த்து வாங்குவது? நம் வீட்டுச் சாப்பாட்டோடு சேர்கிற ஒயின் உண்டா? பத்து யூரோவுக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.


திராட்சைத்தோட்டம் எழுதியது:

தம்பி, நீங்கள் கொட்டியது கெட்ட ஒயினாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. தவறான வெப்பநிலையில், தவறான சாப்பாட்டோடு உங்களிடம் வந்து சேர்ந்த ஒயின் அது. நான் ஃபால்ஸ் பகுதியில், நாய்ஷ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைப் பண்ணையின் விற்பனை அறையில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பீர் குடித்துப் பழகியவர்கள் வாரந்தோறும் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்குத் தமிழில் சொல்வது எனக்கு எளிது, ஏனென்றால் நம் மொழியில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: துவர்ப்பு.

அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாகப் பிரித்து வைத்தவர்கள் நாம். வாழைப்பூ, நாவல்பழம், பாக்கு, பால் ஊற்றாத கடுந்தேநீர் ஆகியவற்றில் வாயை இழுப்பது எதுவோ அதுதான் சிவப்பு ஒயினிலும் இழுக்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் அது இருக்கிறது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தனியே எடுத்துப் புளிக்க வைக்கிறோம். சிவப்பு ஒயினுக்குத் தோலையும் விதையையும் சேர்த்தே ஊறவிடுகிறோம், நிறமும் துவர்ப்பும் சேர்ந்தே இறங்குகின்றன. குளிர்பெட்டியிலிருந்து நேராக ஊற்றினால் அந்தத் துவர்ப்பு இன்னும் கடுமையாகத் தெரியும். 14.5 சதவீத ஆல்கஹால் மிளகின் எரிச்சலைத் தூக்கிவிடும். உங்கள் சுக்காவுக்கு நேர்ந்தது இதுதான்.

பீரில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கொஞ்சம் நின்று யோசியுங்கள். குளிர்ச்சி, குமிழி, கொஞ்சம் கசப்பு, அடியில் தானியத்தின் மெல்லிய இனிப்பு. கோதுமை பீரில் அந்தக் கசப்பும் குறைவு. பீரில் குமிழியும் கசப்பும் சேர்ந்து வாயைத் துடைத்து அடுத்த மடக்குக்கு இழுக்கின்றன அல்லவா, ஒயினில் அதைச் செய்வது புளிப்பு. ஆகவே பீரிலிருந்து வருகிறவர் புளிப்பின் வழியாக வர வேண்டும். துவர்ப்பின் வழியாக வந்தால் பெரும்பாலோர் உங்களைப் போலவே வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது பாட்டிலில் இனிப்பு மட்டும் தனியாக நின்றது, அதைத் தாங்கப் புளிப்பு இல்லை. புளிக்குழம்பில் ஒரு துண்டு வெல்லம் போடுவோமே, வெல்லம் தனியாகத் தெரியக் கூடாது, புளியின் முனையை மட்டும் மழுக்க வேண்டும். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த நல்ல ஒயின் அப்படித்தான் இருக்கும்.

இப்போது சுட்டிக்கு வருகிறேன். ட்ரோக்கன், அதாவது இனிப்பில்லாதது, என்றால் லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை, புளிப்பு போதுமானதாக இருந்தால் 9 வரை அனுமதி. ஹால்ப்ட்ரோக்கன் 12 வரை, புளிப்பு கூடினால் 18 வரை. லீப்லிஷ் 45 வரை போகும். ஃபைன்ஹெர்ப் என்றும் எழுதியிருப்பார்கள். அதற்குச் சட்டத்தில் அளவு கிடையாது, பெரும்பாலும் ஹால்ப்ட்ரோக்கனை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கும். ஸ்பேட்லேசே என்று பார்த்தால் இனிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது பழம் எவ்வளவு முற்றி அறுக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது, ஸ்பேட்லேசே ட்ரோக்கனும் உண்டு. எதுவும் புரியவில்லை என்றால் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். ஜெர்மன் ரீஸ்லிங்கில் 8 அல்லது 9 சதவீதம் என்று இருந்தால் சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறாமல் மிச்சம் இருக்கிறது, இனிக்கும். 12.5 என்றால் அநேகமாக இனிப்பு இல்லாதது. கடையில் நின்றுகொண்டே ஒரு பார்வையில் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

முதல் பாட்டிலாக மோசல் பகுதியின் ரீஸ்லிங் கபினெட் (ஸ்பேட்லேசேயைவிடக் குறைவாக முற்றிய பழத்தில் செய்தது), ஃபைன்ஹெர்ப் என்று எழுதியது ஒன்றை வாங்குங்கள். குளிர்பெட்டியில் வைத்து, ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். கோழி வறுவலோ மீன் வறுவலோ செய்து சாப்பிடுங்கள். இலேசான இனிப்பு மிளகாயின் எரிச்சலை அணைப்பதை இரண்டு பேருமே உணர்வீர்கள்.

குமிழி இல்லாமல் வாய்க்கு வெறுமையாக இருந்தால் ஷோர்லே குடித்துப் பாருங்கள். ஒயினோடு குமிழித் தண்ணீர் கலந்தது. ‘சாவர்’ என்று கேட்டால் வெறும் குமிழித் தண்ணீர் ஊற்றுவார்கள், ‘ஸ்யூஸ்’ என்றால் எலுமிச்சைப் பானம் ஊற்றுவார்கள். நீங்கள் சாவர் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் புள்ளி புள்ளியாகக் குழி வைத்த டூபெகிளாஸ் என்ற அரை லிட்டர் கண்ணாடிக் கோப்பையில் தருவோம். பாட் டூர்க்ஹைமில் செப்டம்பரில் நடக்கிற ஒயின் திருவிழாவில் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரும் அதைத்தான் குடிப்பார்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். 5 சதவீத பீர் அரை லிட்டரில் இருக்கிற ஆல்கஹாலும் 12.5 சதவீத ஒயின் 200 மில்லியில் இருக்கிற ஆல்கஹாலும் ஒன்றேதான், 25 மில்லி. பாதிக்குப் பாதி கலந்த அரை லிட்டர் ஷோர்லேயில் அதைவிடவும் கூட இருக்கும். தாகத்துக்கு பீர் குடிக்கிற வேகத்தில் ஒயினைக் குடித்துவிட்டு எழுந்து நிற்க முடியாமல் போனவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பக்கத்தில் சாதாரணத் தண்ணீர் ஒரு கோப்பை எப்போதும் இருக்கட்டும்.

கடைசியாக, கம்பம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்குக் கை பரபரத்தது. உங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சை எது தெரியுமா? மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோர் இரண்டு இரகங்கள், ஒன்று அலெக்சாண்ட்ரியா மஸ்கட். இன்னொன்று ட்ரோலிங்கர். மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்திய செய்தி இது. நீங்கள் குடியிருக்கிற ஸ்டுட்கார்ட்டில் நெக்கார் ஆற்றின் சரிவுகளில் வளர்கிறதே, அதே ட்ரோலிங்கர். வெளிர் சிவப்பு, துவர்ப்பு மிகக் குறைவு, சற்றுக் குளிர வைத்தே குடிப்பார்கள். சிவப்பு ஒயினை இன்னொரு முறை முயல்வதென்றால் தயவுசெய்து அதிலிருந்து தொடங்குங்கள்.


கசப்புப்பிரியன் எழுதியது:

நண்பரே, அக்கா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மியூனிக்கில் இருக்கிறேன், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன். பீரிலிருந்து வருகிறவருக்கு இனிப்பு ஒயினைக் கொடுப்பது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. கசப்பை விரும்பிப் பழகிய நாக்கு அது. அதற்கு இனிப்பு ஊன்றுகோல் தேவையில்லை. நேராக ட்ரோக்கன் வெள்ளை ஒயினுக்குப் போங்கள்.

நான் அப்படித்தான் மாறினேன். பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப் என்ற பூவின் மணம் தூக்கலான ஐபிஏ வகை பீர்தான் எனக்கு உயிர். ஒருநாள் சாவிக்னான் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை ஒயின் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனபோது என் பீரின் வாசனையே வந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், கந்தகம் சேர்ந்த தயால் என்ற ஒரே வகை மணப்பொருள்கள் சில ஹாப் இரகங்களிலும் அந்தத் திராட்சையிலும் இருக்கின்றன. நியூசிலாந்தில் வளர்கிற நெல்சன் சாவின் என்ற ஹாப்புக்குப் பெயரே அந்தத் திராட்சையை வைத்துத்தான் வந்தது.

உங்கள் கோதுமை பீருக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் ஃப்ராங்கன் பகுதியின் சில்வானர் பாருங்கள். தட்டையான, வயிறு பருத்த பாக்ஸ்பாய்ட்டல் பாட்டிலில் வரும், அடையாளம் காண்பது எளிது. 1659 இல் காஸ்டெல் என்ற ஊரில் நட்டதிலிருந்து அங்கே வளர்கிற இரகம். மணம் அடக்கமானது, புளிப்பு ரீஸ்லிங் அளவுக்கு இல்லை, சாம்பாரோடும் கூட்டோடும் சண்டை போடாது. பருப்பும் காய்கறியும்தான் எங்கள் வீட்டில், அதனால் இதைப் பட்டறிந்தே சொல்கிறேன். ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லினர் கிடைத்தால் அதையும் விடாதீர்கள், வெள்ளை மிளகின் வாசனை வரும்.


வடலி எழுதியது:

சகோதரம், பாரிசிலிருந்து எழுதுகிறேன். இருபது வருடமாக உணவகக் குசினியில் வேலை. வைனைப் படித்துப் பழகவில்லை, சமைத்துப் பழகினேன். சட்டியில் ஊற்றுவதற்கு முன் ஒரு மிடறு சுவைத்துப் பார்க்க வேண்டும் என்று தலைமைச் சமையற்காரர் கட்டாயப்படுத்துவார். நாக்கு அப்படித்தான் தெளிந்தது.

பியரிலிருந்து வந்த எங்கள் பொடியன்கள் எல்லாருக்கும் நான் முதலில் கொடுப்பது பொஜொலே. கமே என்ற திராட்சையில் செய்கிற சிவப்பு வைன். பழத்தைக் குலையோடு முழுதாகத் தொட்டியில் போட்டுப் புளிக்க வைப்பதால் துவர்ப்பு அதிகம் இறங்காது, சிவப்புப் பழ வாசனை மேலே நிற்கும். அரை மணித்தியாலம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துக் குடிக்கலாம். ஆனால் நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளிவருகிற புது வைனை வைத்து அந்த ஊரை எடைபோட வேண்டாம். அது அறுவடை முடிந்து சில கிழமைகளிலேயே போத்தலுக்கு வருவது. ஃப்ளூரி, மோர்கொன் என்று ஊர்ப்பெயர் எழுதிய போத்தலை வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் வித்தியாசம் தெரியும்.

ட்ரோக்கன்தான் வேண்டும் என்று சொன்ன தம்பிக்கு ஒரு சொல். பருப்புக்கும் கூட்டுக்கும் அது சரி. எங்கள் வீட்டு நண்டுக் கறியின் உறைப்புக்கு முன்னால் உங்கள் ட்ரோக்கன் நிற்காது. நான் அதற்கு வூவ்ரே டெமி-செக் திறப்பேன். லுவார் ஆற்றுப் பக்கத்தில் செனின் பிளாங்க் திராட்சையில் செய்வது, மெல்லிய இனிப்பு, நல்ல புளிப்பு. உறைப்புக் கறி சமைக்கிற வீட்டில் இனிப்பு வைனை இளக்காரமாகப் பேசக் கூடாது.


திராட்சைத்தோட்டம் எழுதியது:

கசப்புப்பிரியன் தம்பி, உங்கள் நாக்கு ஹாப்பின் கசப்புக்குப் பழகியது. இவர் கேட்டிருப்பது கோதுமை பீர் குடிக்கிறவர், அதோடு பீரே பிடிக்காத அவர் மனைவி, இருவருக்குமாக. அதனால்தான் ஃபைன்ஹெர்ப் என்றேன். எங்கள் கடையிலும் இதே வாக்குவாதம் நடக்கிறது. இனிப்பு என்றால் தரம் குறைவு என்று நம்புகிறவர்கள், எதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று தெரியாமல் சுவைத்தால் பல நேரம் 15 கிராம் இருக்கிற ரீஸ்லிங்கையே சிறந்தது என்று காட்டுகிறார்கள். புளிப்பு அதை அப்படி மறைத்துவிடுகிறது. சில்வானர் பற்றி நீங்கள் சொன்னது நல்ல யோசனை, நான் அதை விட்டுவிட்டேன்.

கம்பத்துக்காரர் தம்பி, கடைகளில் தேடுவதற்கு முன் பேசனுக்குப் போய் வாருங்கள். திராட்சை விவசாயிகள் தங்கள் வீட்டிலேயோ களஞ்சியத்திலேயோ சொந்த ஒயினை ஊற்றுகிற இடம். வாசலில் ஒரு துடைப்பத்தைக் கட்டியிருந்தால் திறந்திருக்கிறது என்று பொருள். ஆண்டு முழுவதும் திறந்திருக்காது, சில மாதங்கள் மட்டும்தான். ஊற்றுகிறவரும் வளர்த்தவரும் ஒருவரே. என்ன கேட்டாலும் பதில் கிடைக்கும்.


கம்பத்துக்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சொன்னவற்றைச் செய்துபார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதலில் மோசல் கபினெட் ஃபைன்ஹெர்ப், எட்டு யூரோ. சங்கரா மீன் கிடைக்காத ஊர் இது, ஆற்று மீனில் மிளகாய்த்தூள் தடவி வறுத்தோம். மனைவி முதல் மடக்கிலேயே நிமிர்ந்து பார்த்தாள். பச்சை ஆப்பிளின் வாசனை, பிறகு சுருக்கென்ற புளிப்பு, அது முடிகிற இடத்தில் இனிப்பு. மீனின் காரத்துக்கு நாங்கள் தண்ணீரைத் தேடவே இல்லை. அந்தப் பாட்டில் இரண்டு மாலைகளுக்கு வந்தது. எனக்கு வயிறு உப்பவில்லை.

சில்வானரை எலுமிச்சை சாதத்தோடும் உருளைக்கிழங்குப் பொரியலோடும் குடித்தோம். எனக்குப் பிடித்தது. மனைவிக்குச் சப்பென்று இருந்ததாம். அவள் பாட்டிலும் என் பாட்டிலும் இனி ஒன்றாக இருக்காது என்று தோன்றுகிறது. பொஜொலேயை அடுத்த மாதத்துக்கு வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை ஊல்பாக்கில் ஒரு பேசனுக்குப் போனோம். பேருந்திலேயே போய்ப் பேருந்திலேயே திரும்பினோம். வாசலில் உண்மையாகவே துடைப்பம் தொங்கியது. உள்ளே நீள மேசைகள், முன்பின் தெரியாதவர்களோடு தோளுரசி உட்கார வேண்டும். கைப்பிடி வைத்த கால் லிட்டர் கண்ணாடிக் குவளையில் ட்ரோலிங்கர் வந்தது, அதை ஃபியர்ட்டெலே என்கிறார்கள். பீர்க் குவளையைப் போலவே கைப்பிடியில் விரலை விட்டுத் தூக்கியபோதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. நிறம் செங்கல் கரைத்த தண்ணீர் போல வெளிர். நாக்கை இழுக்கவில்லை. நாவல்பழத்தின் கடைசிச் சுவை அளவுக்கு ஒரு மெல்லிய துவர்ப்பு, அவ்வளவுதான். வெங்காய அப்பமும் சாப்பிட்டோம்.

நடத்துகிறவர் எழுபது வயதைத் தாண்டியவர். என் ஊர்த் திராட்சை அவருடைய ட்ரோலிங்கரின் பிள்ளை என்று சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர் சொன்னதும் தலையை ஆட்டினார், அவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. கைபேசியில் எங்கள் தோட்டத்துப் படத்தைக் காட்டினேன். தலைக்கு மேலே பந்தல் முழுவதும் படர்ந்து, கொத்துகள் கீழ்நோக்கித் தொங்குகிற படம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கம்பி எவ்வளவு உயரம், தூண் கல்லா மரமா, கவாத்து எப்போது என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குத் தெரியாததை அங்கிருந்தபடியே அப்பாவிடம் கேட்டுச் சொன்னேன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொன்னேன். உடனே உள்ளே போய் கெர்னர் பாட்டில் ஒன்றை எடுத்து வந்து ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார். அதுவும் ட்ரோலிங்கரின் பிள்ளைதானாம், ரீஸ்லிங்கோடு சேர்த்து 1929 இல் உருவாக்கியது. வெள்ளை ஒயின். மனைவி அதையே இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அப்பா தொலைபேசியில் அவரிடம் ஒன்றுதான் கேட்கச் சொன்னார், அங்கே ஆண்டுக்கு எத்தனை அறுப்பு என்று. ஒன்றுதான், இலையுதிர்காலத்தில், என்றார் பெரியவர். கம்பத்தில் ஒரு கொடியே ஒரே ஆண்டில் மறுபடியும் காய்க்கும் என்பதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டார். ஒரே அறுப்பை நம்பியா வாழ்கிறார்கள், ஆலங்கட்டி மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று அப்பா மறுமுனையில் கேட்டுக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டதும் பெரியவர் எங்கள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கெர்னர் ஆறு பாட்டில் வாங்கி வந்திருக்கிறோம். திராட்சைத்தோட்டம் அக்கா, செப்டம்பரில் பாட் டூர்க்ஹைம் திருவிழாவுக்கு வரலாம் என்று இருக்கிறோம். ரயிலில்தான் வருவோம். உங்கள் பண்ணைக்கு எந்த நாளில் வந்தால் உங்களுக்கு வேலை குறைவாக இருக்கும் என்று சொல்லுங்கள்.